காட்கோபரில் எழுந்திருக்க வேண்டும்

பம்பாயில், தானேயிலிருந்து புறப்படும் எட்டு பன்னிரண்டு லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் மாரீஸ்வரியின் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கூட்டம் என்றால் எட்டுப் பெண்கள். தானேயில் நாலு பேருக்குத்தான் உட்கார இடம் கிடைக்கும். அந்த நாலு பேரும் காட்கோபர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். அதுவரை நின்றுகொண்டு வந்த நாலு பேர் உட்காருவார்கள். வருஷக்கணக்காக ஒரே வண்டியில் போய் வருகிற கூட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஏதாவது ஒரு சட்டம் இருக்கும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மீறிப் பாருங்கள், மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அந்த நாலு இடத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வண்டி நின்ற பிறகு ஏறினால் கம்பிதான் மிச்சம். அது பிளாட்பாரத்துக்குள் நுழைந்து வேகம் குறையும்போதே ஓடித் தாவி ஏறி, பலகையில் நாலு கைக்குட்டைகளை வீச வேண்டும். மூன்று வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் மாரீஸ்வரிதான். வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை வந்து பதினேழு வருஷம். அப்படிப்பட்டவளை மற்ற ஏழு பேரும் சேர்ந்து ஓட விட்டார்களா என்று உங்களுக்குக் கோபம் வரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள்.

மாரீஸ்வரி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷம் தாராவியில் குடியிருந்தாள். பிறகு புருஷன் வானமாமலைக்குத் துர்பே மார்க்கெட்டில் வேலை அமைந்ததும் கோபர்கைரனேக்கு வீடு மாறினார்கள். அவள் வேலை மட்டும் தாராவியிலேயே இருந்தது. சட்டை தைக்கிற பட்டறையில் செக்கிங். தைத்து வந்த சட்டையில் தொங்குகிற நூலை வெட்டி, பொத்தானை இழுத்துப் பார்த்து, கறை இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். கோபர்கைரனேயில் ஒரு வண்டி ஏறி தானே, தானேயில் பாலம் ஏறி இறங்கி இன்னொரு வண்டி, சயானில் இறங்கி நடை. இதுதான் அவளுடைய காலை.

கொரோனா ஓய்ந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் பாலத்தில் எல்லோருமே ஓடி வந்து வண்டியைப் பிடித்தார்கள். மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ஜெஸி, முகம் துடைக்கக் கைப்பைக்குள் துழாவியபோது, விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் கையில் அகப்பட்டது.

"அரே, இத பாருங்க! இன்னும் செல் தீரல."

சயானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கும் தெரசம்மாள்தான் முதலில் விரலை நீட்டினாள். நாடித்துடிப்பு நூற்று முப்பத்தாறு.

"மாதாவே! என்னட்டி இது, ஆட்டோ மீட்டர் கணக்கா ஏறுது?"

"ஓடி வந்தா ஏறும் ஆன்ட்டி. நார்மல்."

ஜெஸிக்கு நூற்று இருபத்தெட்டு. மாட்டுங்காவில் வங்கி வேலைக்குப் போகும் பாகீரதிக்கு நூற்றுப் பதினேழு. மாரீஸ்வரிக்குத் தொண்ணூற்றெட்டு.

"நீங்க ஓடி வரலியா ஆன்ட்டி?"

"ஏளா, எனக்குப் பின்னாலதான நீ ஏறுன? உன் கையப் பிடிச்சித் தூக்குனது யாரு?"

விக்ரோளி தாண்டும்போது மறுபடி ஒரு சுற்று மாட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எண்பதுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. மாரீஸ்வரிக்குத் தொண்ணூற்றேழு.

"ஓடினாலும் தொண்ணூத்தெட்டு, குத்த வச்சிருந்தாலும் தொண்ணூத்தேழு," என்றாள் தெரசம்மாள். "இவளுக்கு ஓடுனதே தெரியல பாருங்கட்டி. நாம நாய் மாதிரி இரைக்கோம்."

"லோஹா ஹை ஆன்ட்டி கா தில்! இரும்பு!" என்று ஜெஸி சொல்ல, பக்கத்துப் பலகை மராத்திக்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதுவரை இடம் பிடித்துக்கொண்டிருந்த பெண் அந்த மாதம்தான் புனேவுக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். அடுத்து யார் ஓடுவது என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. இரும்பு நெஞ்சுக்காரி இருக்கும்போது வேறு யார் ஓடுவார்கள்? ஓடுகிறவளுக்கு ஒரு சலுகையும் உண்டு. முதலில் உட்காருகிறவர்கள் நாளுக்கு நாள் மாறுகிற முறையெல்லாம் மற்றவர்களுக்குத்தான். அவளுக்குத் தினமும் தானேயிலிருந்து காட்கோபர் வரை சன்னலோரம்.

அந்தத் தொண்ணூற்றேழை ஒருத்தியாவது திருப்பிப் போட்டு யோசித்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களுக்கு எண்பது இருக்க, இவளுக்கு மட்டும் ஏன் நூறைத் தொடுகிறது என்று. யாருக்கும் தோன்றவில்லை. மாரீஸ்வரிக்கே தோன்றவில்லை. இதற்கு இரண்டு வருஷம் முன்பு தாராவியில் போட்ட மருத்துவ முகாமில், "படபடன்னு அடிக்குதேம்மா, நூத்திரண்டு, டென்ஷன கொறச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டென்ஷன் இல்லாத பம்பாய்க்காரி யார் என்று அவளும் விட்டுவிட்டாள். பாலத்தில் ஒரு செருப்பு கழன்று போனது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு பட்டறை வரை நடந்து வந்து, செக்கிங் மேசைக்காரிகள் சிரித்த பிறகு குனிந்து பார்த்த கதையும் உண்டு. மாத்திரை உடம்பு அசந்தால் போடுவாள். சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தால் நிறுத்திவிடுவாள். ஊரில் கல்யாணம் என்றால் ஒரு வாரம் மாத்திரைப் பெட்டியையே எடுத்துப் போகமாட்டாள்.

ஓடுகிறவளுக்குக் கூட்டத்தில் வாயும் நீளும். போன வருஷ மழைக்காலத்தில் பாகீரதிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. காட்கோபர் வந்தபோது, "இன்னைக்கு ஒரு நாள் மாட்டுங்கா வரைக்கும் உக்காந்துண்டு வரேனே" என்று கேட்டாள். கட்டு எதுவும் இல்லை, வீக்கமும் புடவைக்குள் இருந்தது. மாரீஸ்வரி எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்:

"சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. முடியலன்னா லீவு போடணும். எனக்கு வலிக்கு, உனக்கு வலிக்குன்னு ஆளாளுக்குச் சொன்னா நிக்கவ பாடு என்ன?"

பாகீரதி கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் மாரீஸ்வரியிடம் 'குட்மார்னிங்' தவிர வேறு பேச்சில்லை. சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று மாரீஸ்வரிக்கே அன்று மத்தியானம் தோன்றியது. ஆனால் போய்ச் சொல்லவில்லை.

அந்த மார்கழியில்தான் அவளுக்குக் கண் இருட்ட ஆரம்பித்தது.

எங்கேயும் இல்லை, காட்கோபரில். சன்னலோரத்திலிருந்து எழுந்து நின்றதும், யாரோ தலைக்கு மேல் போர்வையைப் போட்டதுபோல ஒரு கறுப்பு. காதுக்குள் இரைச்சல். கழுத்துப் பிடரியில் ஒரு இழுப்பு. காட்கோபரில் ஏறுகிற கும்பல் உங்களுக்குத் தெரியும், மெட்ரோவிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் ஏறுவார்கள். முன்னால் ஒருத்தி முதுகு, பின்னால் ஒருத்தி பை, இரண்டு பக்கமும் தோள்கள். விழுவதற்கு இடமில்லை. அந்த நெரிசலே அவளைத் தாங்கிப் பிடித்து நிற்க வைத்தது. வித்யாவிஹார் தாண்டும்போது வெளிச்சம் திரும்பும். குர்லாவில் தெளிந்துவிடும். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நிற்கிறாளே என்று நினைத்திருப்பார்கள்.

வெறும் வயிற்றோடு வருவதால் என்று நினைத்து விடியும் முன்பே இரண்டு இட்லி தின்று பார்த்தாள். எலுமிச்சை சர்பத் குடித்துப் பார்த்தாள். சில நாள் வரும், சில நாள் வராது. உட்கார்ந்துகொண்டே வருகிறேன் என்று கேட்டிருக்கலாம். பாகீரதி முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பாள்?

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஆவணியில் ஒரு நாள் பட்டறையில் குனிந்து சட்டைக் கட்டை எடுத்து நிமிர்ந்தவள், தாங்க ஆளில்லாத இடமானதால் அப்படியே சரிந்தாள். முதலாளி ஆட்டோ பிடித்து தொண்ணூறடி ரோட்டில் இருந்த சர்க்கரை டாக்டர் ரஷீதாவிடம் அனுப்பி வைத்தார்.

ரஷீதாவுக்கு மேலப்பாளையம் பூர்வீகம், பிறந்தது தாராவி. நின்றபடியே கேள்வி கேட்கிற டாக்டர். மாரீஸ்வரியைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், நிற்க வைத்துப் பார்த்தாள்.

"படுத்திருக்கையில நூத்தி நாப்பத்திரண்டு. நின்னு ஒரு நிமிஷத்துல நூத்தி ஆறு. எத்தன நாளா இருட்டுது?"

"ரொம்ப நாள் இல்ல டாக்டரம்மா. ஒரு எட்டு மாசம்."

"எங்க வச்சு?"

"காட்கோபர்ல."

"காட்கோபர்ல மட்டும் எப்படிம்மா இருட்டும்?"

மாரீஸ்வரி சட்டத்தைச் சொன்னாள். கைக்குட்டையைச் சொன்னாள். கும்பல் தாங்கிக்கொள்வதைச் சொன்னாள். ரஷீதா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விழுந்திருந்தா ரத்தம் தலைக்கு வந்து அப்பவே தெளிஞ்சிருக்கும். நிக்க வச்சே மயங்க விட்டிருக்காங்க. இத்தன நாள் நீங்க நல்லபடியா இறங்கி வந்ததே பெரிய காரியம்."

பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு ஆழமாக இழுத்து விடச் சொன்னாள். ஒரு குழாயைக் கொடுத்து அடக்கி ஊதச் சொன்னாள். கைப்பிடி ஒன்றை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். காகிதம் நீளமாக வந்து விழுந்தது.

"மூச்சு இழுக்கறப்ப நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கும், விடுறப்ப மெதுவாகும். உங்க வயசுக்குப் பத்துப் பதினஞ்சாவது ஏறி எறங்கணும். உங்களுக்கு மூணு."

"மாறாம ஒண்ணு போல அடிக்கது நல்லதுன்னுல்லா சொன்னாங்க? இரும்புன்னு..."

"இரும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூளை சொல்றது நெஞ்சுக்குக் கேக்கல. நீங்க ஓடுறீங்கன்னு அதுக்குத் தகவலே போகல."

ரஷீதா அவசரப்படாமல்தான் சொன்னாள். நெஞ்சுக்கு இரண்டு வகை நரம்பு போகிறது. ஒன்று அடக்கும், ஒன்று முடுக்கும். அடக்குகிற நரம்பு நீளமானது என்பதால் பல வருஷச் சர்க்கரை முதலில் அதைத்தான் கெடுக்கும். அப்போது சும்மா இருக்கும்போதே நாடி நூறு போகும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் முடுக்குகிற நரம்பும் கெடும். ஓடினாலும் ஏறாது, உடம்பு சீக்கிரம் அசந்துபோகும். எழுந்து நிற்கும்போது கால் ரத்தக்குழாய்களை இறுக்கி ரத்தத்தை மேலே அனுப்புகிற வேலையும் நடக்காது. கண் இருட்டும்.

"இது எல்லாத்தையும்விட ஒண்ணு இருக்கு, அத நல்லா கேட்டுக்கோங்க. வலியச் சொல்ற நரம்பும் இது கூடவே போகும். உங்களுக்கு நெஞ்சடைப்பு வந்தா வலிக்காமலே வரலாம். வேர்க்கும். குமட்டும். சும்மா உக்காந்திருக்கையில மூச்சு வாங்கும். காரணமில்லாம அசதி அடிக்கும். அப்ப வலிக்கலியேன்னு உக்காந்திருக்கக் கூடாது. வேர்வைதான் உங்களுக்கு வலி. புரியுதா?"

"போன நரம்பு திரும்ப வராதா டாக்டரம்மா?"

"வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். மாத்திரைய ஒரு நாள் விடக்கூடாது. படுக்கையிலேருந்து எந்திரிச்சா உக்காந்து, காலத் தொங்கப் போட்டு, பொறவுதான் நிக்கணும். ரயில் பின்னால ஓடக்கூடாது. ரெண்டு வாரத்துக்குள்ள நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும், எழுதித் தாரேன்."

மாரீஸ்வரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். எழுந்திருக்கிற விதத்தை மாற்றினாள். காட்கோபர் வருமுன் உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக எழுவாள். கறுப்பு பாதியாகக் குறைந்தது. ஓட்டத்தை ஜெஸியிடம் விட்டாள். ஸ்கேன் மட்டும் எடுக்கவில்லை. தீபாவளி ஆர்டர், பட்டறையில் ஞாயிறுகூட வேலை.

அதோடு, யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்ட கூட்டத்திடம் மூட்டு வலி என்றாள். வானமாமலையிடம் கால்சியம் குறைச்சல் என்றாள். இதில் அவளை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் லீவு கேட்டால் எதையாவது காட்ட வேண்டும், கொதிக்கிற நெற்றியோ கட்டுப் போட்ட கையோ. அவளே அப்படித்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறாள். நெஞ்சு நரம்பு செத்துப்போச்சு என்று சொன்னால், எங்கே வலிக்கு என்று கேட்பார்கள். எங்கேயும் வலிக்கவில்லை என்பதுதான் நோயே என்று எப்படி விளக்குவது?

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள், புதன்கிழமை. முறைப்படி மாரீஸ்வரிக்கு முன்பாதி. தானேயில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே கம்பியைப் பிடித்து நின்றது பாகீரதி. காட்கோபரில் அந்த இடம் அவளுக்குத்தான்.

முலுண்டில் வேர்க்க ஆரம்பித்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலைக் காற்று சன்னலில் சில்லென்று அடித்தது. ஆனால் மேலுதட்டிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினாற்போல வேர்வை. சர்க்கரை தாழ்ந்துவிட்டதோ என்று பையிலிருந்து ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டாள். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், பசிக்கும். இனிப்புப் போட்டால் பத்து நிமிஷத்தில் சரியாகும். பாண்டுப் போயிற்று, காஞ்சுர்மார்க் போயிற்று. சாக்லேட் கரைந்து வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். தாடை களைத்துப்போன மாதிரி இருந்தது. தூக்கம் வருகிறாற்போல ஒரு பெரிய அசதி. பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பாலம் ஏறியவள்போல மூச்சு வாங்கியது.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். ஒரு வலியும் இல்லை. ஒரு சுருக்குக்கூட இல்லை.

இப்படியே இருந்து சயானில் இறங்கிப் பட்டறைக்குப் போய்விடலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஒரு தேநீர் குடித்தால் சரியாகிவிடும். வண்டியை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? ஏழு பேர் முன்னால், அதுவும் பாகீரதி முன்னால்? இன்னொரு பக்கம் ரஷீதாவின் குரல் கேட்டது, வேர்வைதான் உங்களுக்கு வலி என்று. விக்ரோளியில் வண்டி நின்றது, கிளம்பியது. அடுத்தது காட்கோபர். ஐந்தாறு நிமிஷம் இருக்கும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோதே தொடைகள் வரமாட்டேன் என்றன.

"பாகீரதி," என்றாள். "என்னால இன்னைக்கு எந்திரிக்க முடியாதும்மா."

பாகீரதி குனிந்து பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "ஏன், சட்டம் மாறிடுத்தா?" என்றாள்.

"முடியல."

"முடியலன்னா லீவு போடணும்னு எனக்கு ஒருத்தர் சொல்லிக் குடுத்தா. கால் வீங்கிண்டு நின்னேன் நான். உங்களுக்கு எங்க வலிக்கறதாம்?"

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். மாரீஸ்வரிக்கு இல்லாத ஒரு வலியைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. நெஞ்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஆனால் உண்மையையே சொன்னாள். சொல்லும்போது மூச்சு இரண்டு இடத்தில் அறுந்தது.

"எங்கயும் வலிக்கல. எனக்கு வலிக்காது. நெஞ்சு நரம்பெல்லாம்... சர்க்கரையில செத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லியாச்சு. வேர்த்தா அதான் வலின்னா. எனக்கு வேர்க்கும்மா. முலுண்டுலேருந்து வேர்க்கு."

பாகீரதி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ரவிக்கை தோளோடு ஒட்டி நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. பாகீரதி கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டுவிட்டு, உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஐஸா சில்லுனு இருக்கே. ஜெஸி! இங்க வா, ஜல்தி!"

"மூட்டு வலின்னுல்ல சொன்ன, ஏட்டி மாரி?" என்று தெரசம்மாள் அழுகிற குரலில் கேட்டாள். "மூதி, எங்ககிட்ட சொல்லப்படாதா? தெனம் ஓட விட்டோமே உன்ன!"

"திட்டறத அப்புறம் திட்டுங்கோ," என்றாள் பாகீரதி தெரசம்மாளிடம். "மாமி, நீங்க இந்தப் பையையெல்லாம் புடிங்கோ. காட்கோபர்ல எறங்கறோம்." மாரீஸ்வரி பக்கம் குனிந்தாள். "உங்க எடம் யாருக்கும் வேண்டாம், இப்ப எழுந்துக்கவும் வேண்டாம். வண்டி நின்னப்புறம் நாங்க தூக்கறோம்."

காட்கோபரில் ஏறுகிற கும்பலை எதிர்த்து இறங்குவது சாதாரண நாளிலேயே மல்யுத்தம். ஜெஸி வாசலில் நின்று, "பேஷன்ட் ஹை! ரஸ்தா தோ! ஹட்டோ!" என்று கத்திய கத்தலில் கும்பல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பாகீரதி, ஒரு பக்கம் பக்கத்துப் பலகை மராத்திக்காரி ஒருத்தி; மாரீஸ்வரியின் கால்கள் பிளாட்பாரத்தில் பட்டும் படாமலும் போயின. நிற்க வைத்தால் இருட்டும் என்று அவள் முனகியதைப் பாகீரதி கேட்டுக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிப் படுக்க வைத்தாள். ஸ்டேஷன்காரர்கள் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள். வெளியே ஆட்டோ. தெரசம்மாள் பின்னால் இன்னொரு ஆட்டோவில் ஐந்து கைப்பைகளோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்று நல்ல கூட்டம். சின்ன வயது டாக்டர் ஒருவர், காகிதத்தில் எழுதியபடியே இந்தியில் கேட்டார், நெஞ்சில் வலி இருக்கிறதா என்று.

"தர்த் நஹி," என்றாள் மாரீஸ்வரி.

கையில்? முதுகில்? இல்லை, இல்லை. அப்படியானால் அந்தப் பெஞ்சில் இருக்கட்டும், கூப்பிடுகிறோம் என்று அவர் அடுத்த ஆளிடம் திரும்பினார். அடுத்த ஆள் வாய்விட்டு அலறிக்கொண்டிருந்தான், கை ஒடிந்தவன். அவனிடம் காட்டுவதற்கு ஒரு கை இருந்தது.

ஜெஸி வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி அந்த டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்தாள். தாராவியில் இருபத்திரண்டு வருஷத்தில் கற்ற இந்தியை எல்லாம் திரட்டிச் சொன்னாள்: "தர்த் நஹி ஆயேகா, டாக்டர். மேரா நஸ் மர் கயா. சத்ரா சால் சுகர்." வலி வராது, என் நரம்பு செத்துவிட்டது, பதினேழு வருஷச் சர்க்கரை.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அவளுடைய நனைந்த கழுத்தைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஈசிஜி என்றார். காகிதம் வெளியே வந்த பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். மாத்திரைகளை மெல்லச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. அடைப்பை எடுக்கிற வசதி உள்ள இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போனது. உள்ளே பாகீரதி உட்கார்ந்திருந்தாள். வங்கிக்குப் போன் செய்து, வர முடியாது, வீட்டு ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் சொன்னது மாரீஸ்வரிக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது.

மத்தியானத்துக்குள் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நெஞ்சின் கீழ்ப்பக்கத் தசையில் கொஞ்சம் போய்விட்டது, இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பாள் என்று வானமாமலையிடம் சொன்னார்கள். துர்பேயிலிருந்து வேலைச் சட்டையோடு ஓடி வந்திருந்த மனுஷன், கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார், "வலிச்சிருக்குமே, ரொம்ப வலிச்சிருக்குமே?" என்று. பாகீரதிதான் அவரை உட்கார வைத்து, வலிக்காத கதையை முதலிலிருந்து சொன்னாள். கால்சியம் குறைச்சல் என்று தன்னிடம் அவள் சொன்னது பொய் என்று தெரிந்ததும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ரஷீதா போனில் பேசினாள். முதலில் ஸ்கேன் எடுக்காததற்குத் திட்டினாள். அது ஐந்து நிமிஷம். பிறகு சொன்னாள்: "நரம்பு அப்படியேதான் இருக்கும்மா. இன்னொரு தடவ வந்தாலும் இப்படித்தான் சத்தமில்லாம வரும். நீங்கதான் வாயத் திறக்கணும். நூறு தடவ சொல்லி தொண்ணூத்தொம்பது தடவ ஒண்ணுமில்லாமப் போகட்டும்."

ஐந்தாம் நாள் மத்தியானம் வார்டில் மின்விசிறி நின்றுபோனது. ஒரு ஆள் ஏணியைச் சாய்த்து மேலே ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தான். எட்டுப் படுக்கைக்காரர்களும் விசிறிக்கொண்டிருந்தார்கள். வானமாமலை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருங்க, எனக்கு வேர்க்கு," என்றாள் மாரீஸ்வரி. "சிஸ்டரக் கூப்புடுங்க."

"ஃபேன் ஓடலல்லா ஈஸ்வரி. எனக்குந்தான் வேர்க்கு. அந்தா, ஏணியில நிக்கவனுக்கே ஊத்துது."

"இருக்கட்டும். கூப்புடுங்க."

"சிரிப்பாங்க ஏளா."

"சிரிக்கட்டும். நீங்க கூப்புடுதியளா, நான் கூப்புடட்டுமா?"

அவர் சுளையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். நர்ஸ் வந்தாள். ஏணிக்காரனைத் திரும்பி நிற்கச் சொல்லி, திரையை இழுத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள். காகிதம் ஓடியது. போன காகிதத்தோடு வைத்துப் பார்த்தாள். டாக்டருக்கும் அனுப்பிக் கேட்டாள். ஒரு மாற்றமும் இல்லை.

"குச் நஹி ஹை, ஆன்ட்டி. கர்மி ஹை," ஒன்றுமில்லை, வெக்கைதான் என்று சிரித்துக்கொண்டே ஒயர்களைப் பிடுங்கினாள்.

"டீக் ஹை," என்றாள் மாரீஸ்வரி. ரவிக்கைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, புருஷனிடம் ஆரஞ்சுச் சுளையை வாங்கித் தின்றாள்.